கொர்மத்தானில் தங்கினால் எந்தப் பக்கம் ஓடுவது? நான்கு வழிகளின் ஒப்பீடு

பிரான்சில் பர்கண்டியின் தென்பகுதி, சோன் எ லுவார் மாவட்டம், குரோன் என்கிற சிற்றாறு. அதன் கரையில் இருக்கிற ஊர் கொர்மத்தான். ஐந்நூறு பேர் சொச்சம் வசிக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு மாளிகை ஒன்று, பழைய ரயில் நிலையம் ஒன்று, சுற்றிலும் வயலும் மேய்ச்சல் நிலமும். கோடையில் இங்கே வாரக்கணக்கில் வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிற தெய்சே துறவியர் குழுமத்தில் செபத்துக்காக ஒரு வாரம் தங்க வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களில் நம் ஆட்களும் உண்டு. ஓட்டப் பழக்கம் உள்ளவர்கள் இரு தரப்பிலும் கேட்பது ஒன்றுதான்: காலையில் எந்தப் பக்கம் போவது?

கைபேசியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், ஆனால் வரைபடத்தில் தார்ச்சாலையும் மாட்டு வண்டித் தடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கோடாகத்தான் தெரியும் என்பதால் குழப்பம் தீருவதில்லை. இங்கே உண்மையில் நான்கு வகைப் பாதைகள் இருக்கின்றன. பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பசுமை வழி, ஷப்பேஸ் கிராமத்துக்குப் போகும் சின்னத் தார்ச்சாலை, ஊரை ஒட்டிய வயல் தடங்கள், கிழக்கே இருக்கிற காட்டு மலை. நான்கும் நான்கு விதமான ஓட்டம். எது யாருக்கு, எப்போது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

அழகை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். நான்குமே அழகுதான், அதை வைத்து ஒன்றையும் கழிக்க முடியாது.

நான் முதலில் பார்ப்பது, பாதி வழியில் ஏதாவது ஆனால் எப்படித் திரும்புவது என்பதை. நகரத்தில் கணுக்கால் பிசகினால் நொண்டிக்கொண்டே முக்குக்கு வந்து ஒரு வண்டி பிடித்துவிடலாம். இங்கே ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஒரு கிராமத்தின் நடுவில் நின்றால்கூட ஆள் அரவம் இருக்காது. கடை மூடியிருக்கும், ஜன்னல் பலகைகள் சாத்தியிருக்கும், பேருந்து இருந்தாலும் அது எப்போதோ ஒன்று. அதனால் ஒவ்வொரு பாதையிலும் கேட்க வேண்டியது, எத்தனை கிலோமீட்டர் என்பதை விட, எந்த இடத்தில் வெட்டித் திரும்பலாம், அங்கிருந்து நடந்தே வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் மேல்.

அடுத்தது காலடித் தரை. தார், சரளை, புல், களிமண், சுண்ணாம்புக்கல் எல்லாமே ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் வந்துவிடும், ஒரே ஷூ எல்லாவற்றுக்கும் சரிவராது.

மூன்றாவது வண்டிகள். ஊருக்கு வெளியே இரண்டு திசைப் போக்குவரத்து உள்ள சாலைகளில் 2018 ஜூலையிலிருந்து நாட்டின் பொது வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். சின்னச் சாலைக்கும் அதேதான். ஓரத்தில் நடைபாதை கிடையாது. நடப்பவர்களும் ஓடுபவர்களும் ஊருக்கு வெளியே சாலையின் இடது பக்கத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி போக வேண்டும் என்பது இங்குள்ள விதி. நம் ஊரில் இடது பக்கம் போனால் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும், இங்கே அதே இடது பக்கத்தில் முகத்துக்கு நேராக வரும், அதனால் பழகிய பக்கமே சரியான பக்கமாகிவிடுகிறது.

தண்ணீரும் நிழலும் கோடையில் மட்டும் முக்கியம். கடைசியாகப் பருவம்: வெளிச்சம், வெள்ளம், வேட்டை. இந்த மூன்றும் ஒரு பாதையை ஆறு மாதம் சொர்க்கமாகவும் ஆறு மாதம் போகக் கூடாத இடமாகவும் ஆக்கிவிடும்.

## ஒன்று: பழைய ரயில் தடம்

ரயில் போய்வந்த தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, தார் போட்டு, மோட்டார் வண்டிகள் வராதபடி செய்திருக்கிறார்கள். பிரெஞ்சில் வுவா வெர்த். ஜீவ்ரியிலிருந்து குளூனி வரை உள்ள 44 கிலோமீட்டர் 1997-இல் திறக்கப்பட்டது, நாட்டில் இந்த வகை வழிகளில் முதலாவது இதுதான். அது கொர்மத்தானின் பழைய நிலையத்தை ஒட்டியே போகிறது. தெற்கே தெய்சே, மசிலி, குளூனி. வடக்கே மலே, அப்புறம் சேன் ஜாங்கூ. குளூனி வரை பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் வரும், சேன் ஜாங்கூவுக்குச் சுமார் பத்து.

ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் எங்குமே இல்லை. வழி தவற வாய்ப்பே இல்லை. வேகப் பயிற்சி செய்கிறவர்களுக்கும், அரை மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் ஓடத் தொடங்குகிறவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான இடம் இந்த வட்டாரத்தில் கிடையாது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டும் ஓடலாம். முக்கியமாக, குளூனி வரை ஒரே மூச்சில் ஓடிவிட்டு, சாலோனுக்கும் மாகோனுக்கும் இடையே போகும் பேருந்தில் ஏறித் திரும்பி வரலாம், அது குளூனி, தெய்சே, கொர்மத்தான் மூன்றிலும் நிற்கும். நான்கில் இந்த வசதி உள்ளது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் பேருந்து குறைவு என்பதால் கிளம்பும் முன்பே நேர அட்டவணையைப் பார்த்து, பேருந்துக்கு இருபது நிமிடம் முன்னால் போய்ச் சேரும்படி ஓட்டத்தைத் தொடங்குங்கள். இடுப்புப் பையில் ஒரு மேல்சட்டையும் வேண்டும், வியர்வையோடு நிறுத்தத்தில் நின்றால் ஜூனிலும் காலையில் குளிரும்.

(புதுச்சேரியில் குளூனி மருத்துவமனை, குளூனி பள்ளி என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு: அந்தக் கன்னியர் சபையின் பெயர் வந்தது இந்த ஊரிலிருந்துதான். 910-இல் நிறுவப்பட்ட மடமும் இங்கேதான், அதன் பெரும்பகுதி புரட்சிக்குப் பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. மிஞ்சி நிற்கிற கோபுரத்தைப் பார்க்க மட்டுமாவது இந்த ஓட்டத்துக்கு ஒரு காலையை ஒதுக்கலாம்.)

இனி இதன் மறைமுகச் செலவுகள். தார் கடினமானது, அதோடு இந்த வழி சமதளமாகவே போவதால் காலின் அதே தசை, அதே மூட்டு, அதே கோணத்தில் ஆயிரக்கணக்கான முறை அடி வாங்கும். மேடு பள்ளமான பாதையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியவருக்கு வராத கெண்டைக்கால் வலி இங்கே எட்டிலேயே வரக்கூடும். தினமும் இதிலேயே ஓடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான், அலுப்பு இல்லை. அலுப்பும் உண்டு என்பது வேறு விஷயம். நேர்கோடாகப் போகும் சில இடங்களில் முன்னால் தெரிகிற மரம் பத்து நிமிடம் ஆனாலும் கிட்டே வராதது போல இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் மிதிவண்டிகள் அதிகம். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவார்கள், அதனால் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடுவில் ஓடுவது ஆபத்து. சின்னச் சாலைகள் குறுக்கே வெட்டும் இடங்களில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுத் தாண்டுங்கள், வரிசையாக ஓடும் வேகத்தில் அந்த இடம் கண்ணில் படாமல் போய்விடும்.

குளூனியைத் தாண்டி மாகோன் பக்கம் நீட்டிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அங்கே பழைய ரயில் சுரங்கம் ஒன்று இருக்கிறது, புவா குளேர் என்று பெயர், 1.6 கிலோமீட்டர் நீளம். உள்ளே வௌவால்கள் குளிர்கால உறக்கத்தில் இருக்கும் என்பதால் குளிர் மாதங்களில் மூடிவிடுகிறார்கள். அப்போது கணவாய் வழியாக மேலே ஏறி இறங்க வேண்டும். சமதளம் என்று நம்பிக் கிளம்பியவருக்கு அது வேறு ஓட்டம்.

## இரண்டு: ஷப்பேஸ் சாலை

எனக்குப் பிடித்தது இது. கொர்மத்தானிலிருந்து கிழக்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் ஷப்பேஸ். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சேன் மார்த்தேன் தேவாலயம், அதன் மேல் 35 மீட்டர் உயர மணிக்கோபுரம். தட்டையான வயல்வெளியில் அந்தக் கோபுரம் வெகு தூரத்திலிருந்தே தெரியும். போகப் போக அது வேலிக்குப் பின்னால் மறையும், வளைவு திரும்பியதும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்க்காமலே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று புரிந்துவிடும். ஓட்டக்காரருக்கு இதைவிட நல்ல மைல்கல் வேண்டியதில்லை.

இருபுறமும் வெள்ளை நிற ஷரோலே மாடுகள். இந்த இனத்தின் தாயகமான ஷரோல் ஊரும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அவை வேலியோரம் வந்து, தலையை ஒன்றாகத் திருப்பி, கடந்துபோகும் வரை பார்த்துக்கொண்டே நிற்கும். வழியில் கல்வீடுகள், முன்புறம் மரத்தூண் தாங்கிய திண்ணை போன்ற மேல்மாடம், சில கூரைகளில் ஓட்டுக்குப் பதில் தட்டைக்கல். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகத் தெம்பிருந்தால் வடக்கே லான்ஷார் என்கிற குக்கிராமம், ஒரு காலத்தில் கன்னியர் மடம் இருந்த இடம். அங்கே போய்த் திரும்பினால் மொத்தம் பதினான்கு கிலோமீட்டர் வரும்.

திரும்பும் வழி என்ற அளவுகோலில் இதுவும் மோசமில்லை. பேருந்து கிடையாது, ஆனால் எங்கிருந்து திரும்பினாலும் அதே சாலை, வீடுகள் இருக்கின்றன, கார்கள் வரும். எந்த இடத்திலும் கொர்மத்தானிலிருந்து ஒன்றரை மணி நேர நடைக்குள்தான் இருப்பீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் பிரெஞ்சுக் கிராமங்களுக்கே உரிய ஒரு வழி இருக்கிறது, கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்ற வாசல் பக்கம் ஒரு குழாய் இருக்கும், பக்கத்துக் கொக்கியில் பச்சை நிறப் பிளாஸ்டிக் பூவாளி தொங்கும். பெரும்பாலும் ஊர்க் குடிநீர்தான், ஆனால் 'நோன் பொத்தாப்ள்' என்ற பலகை இருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை, முகம் கழுவிக்கொண்டு போய்விடுங்கள். ஊர் நடுவில் இருக்கிற கல் தொட்டி நீரூற்றுகளுக்கும் இதே விதி. உறைபனிக் காலத்தில் குழாயை அடைத்துவிடுவார்கள். கல்லறைக்குள் ஓடிக்கொண்டே நுழைய வேண்டாம், வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டு நடந்து போங்கள். வயதானவர் யாராவது இருந்தால் 'போன்ஜூர்' சொல்லுங்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு.

குறைகள்? இந்தச் சாலை டி14, அது பிரான்சியோன் கோட்டை வழியாகத் தூர்னுய் நகரம் வரை போவது, அதனால் கோடையில் பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கார்கள் வரத் தொடங்கிவிடும். வேலி உயரமாக வளர்ந்த வளைவுகளில் எதிரே வருகிற ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அந்த மாதிரி வளைவில் மட்டும், இருபுறமும் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளிப்பக்கத்துக்கு மாறி ஓடுவது நல்லது. ஜூன் என்றால் காய்ந்த புல்லைக் கட்டுகிற டிராக்டர், ஜூலை என்றால் கோதுமை அறுவடை இயந்திரம் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு வரும். புல்லில் இறங்கி நின்று கை காட்டுங்கள், அவர்களும் கை காட்டுவார்கள்.

சாலை ஓரம் சரிந்திருப்பதால் ஒரே பக்கத்தில் வெகு நேரம் ஓடும்போது ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். இடுப்பு, முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் ரயில் தடத்துக்குப் போவதே நல்லது.

பண்ணை நாய்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாய் குரைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், முதுகைக் காட்டாமல் சாலையின் மறுபக்கமாகக் கடந்துபோங்கள். தன் எல்லை முடிந்ததும் பெரும்பாலும் அது நின்றுவிடும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன்: டி981-இல் ஓடாதீர்கள். குளூனியிலிருந்து கொர்மத்தான் வழியாக வடக்கே போகும் பெரிய சாலை அது. வரைபடத்தில் நேராக, வசதியாகத் தெரியும். லாரி போகிற சாலை. பக்கத்திலேயே ரயில் தடம் இருக்கும்போது அதில் கால் வைக்கக் காரணமே இல்லை.

## மூன்று: வயல் தடங்கள்

அரை மணி நேரம் மட்டும் இருக்கிறவர்களுக்கு. ஊரை விட்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகத் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம், கார் ஒன்றுகூட வராது. மென்மையான மண், முழங்காலுக்கு இதமானது. நடுவில் புல், இரண்டு பக்கமும் டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளம்.

ஆனால் எல்லாத் தடமும் எல்லோருக்கும் பொது இல்லை. ஊராட்சிக்குச் சொந்தமான நாட்டுப்புறப் பாதையில் யாரும் போகலாம். இன்னொரு வகை, அக்கம்பக்கத்து நில உரிமையாளர்கள் தங்கள் வயலுக்குப் போகப் போட்ட தடம். அது தனியார் சொத்து, அவர்கள் நினைத்தால் மற்றவர்களுக்கு மூடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தேசியப் புவியியல் நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் பார்த்தாலும் சட்ட வேறுபாடு தெரியாது. நம்பக்கூடியது மரத்திலோ கம்பத்திலோ தீட்டியிருக்கிற வண்ணப் பட்டை. ஒற்றை மஞ்சள் பட்டை உள்ளூர் நடைவழி. வெள்ளையும் சிவப்புமாக இரட்டைப் பட்டை நெடுந்தூர நடைவழி. பெருக்கல் குறி போட்டிருந்தால் வழி அது இல்லை என்று அர்த்தம். பட்டை உள்ள தடத்தில் மட்டும் ஓடுங்கள், பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

மின்வேலி இருக்கும். பக்கத்தில் நின்றால் டிக், டிக் என்று ஒரு நொடிக்கு ஒருமுறை போலக் கேட்கும். தடத்தின் குறுக்கே கம்பி கட்டியிருந்தால் அதன் ஒரு முனையில் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும், உள்ளே சுருள் கம்பி. பொது வழியாக இருந்தால் அந்தக் கைப்பிடியை மட்டும் பிடித்துக் கொக்கியிலிருந்து கழற்றி, கம்பி தரையில் படாமல் கடந்து, திரும்ப அதே கொக்கியில் மாட்டிவிட வேண்டும். மூடியிருந்த கதவை மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். கன்றுடன் மாடுகள் நிற்கிற புலத்துக்குள் போகவே வேண்டாம், தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் ஓடுவது பெரிய ஆபத்து.

குளிர்காலத்தில் இந்தப் பகுதியை மறந்துவிடலாம். குரோன் ஆறு பெருகினால் கரையோரப் புல்வெளிகள் நீரில் நிற்கும். வடிந்த பிறகும் களிமண் விடாது. நாலு அடி வைத்தால் அடிப்பாகத்தில் ஒட்டும், பத்து அடியில் ஓரத்திலும் ஏறும், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு ஷூவும் அரைக் கிலோ கூடியிருக்கும், கணுக்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாது. மே முதல் செப்டம்பர் வரை, மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தால் மட்டும் போங்கள்.

## நான்கு: காட்டு மலை

கிழக்குப் பக்கத்து மலைத்தொடரில் இரண்டு இடங்கள் ஓட்டக்காரர்களை இழுக்கும். ஒன்று பிரான்சியோன், கோட்டையும் பழைய தேவாலயமும் உள்ள மேட்டுக் கிராமம். மற்றொன்று மோன் சேன் ரொமேன், 579 மீட்டர், கீழே பிளானோ கிராமம். கொர்மத்தான் இருப்பது இருநூறு மீட்டர் உயரத்தில். உச்சியிலிருந்து சோன் ஆற்றுச் சமவெளி விரிந்து கிடக்கும், வானம் தெளிவாக இருக்கிற நாளில் தூரத்தில் ஆல்ப்ஸ் மலைகளும் தெரியும்.

ஓக், ஹார்ன்பீம் மரக்காடு. கோடை உச்சத்தில், கீழே தார்ச்சாலை கொதிக்கிற நாளில், நிழலில் ஓட வேறு இடம் இல்லை. ஏற்றம் பழக வேண்டியவர்களுக்கும் இதுதான். மலைப்பாதை ஓட்டப் போட்டிக்குத் தயாராகிறவர் ரயில் தடத்தில் நூறு கிலோமீட்டர் ஓடுவதை விட இங்கே இருபது ஓடுவது உதவும் என்பது என் கருத்து.

இதன் விலை என்ன என்பதையும் பாருங்கள். முதலில், கார் வேண்டும். கொர்மத்தானிலிருந்து ஓடியே மலையடிக்குப் போனால் ஏறுவதற்கு முன்பே கால் தளர்ந்துவிடும், திரும்புவதற்கும் அதே தூரம். காரை பிளானோவில் நிறுத்தினால், வாடகை, எரிபொருள் செலவு போக, போக்குவரத்து நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அரை நாள் போய்விடும். இரண்டாவது, ஓட்டத்தை நேரக் கணக்கில் வையுங்கள், தூரக் கணக்கில் வைக்காதீர்கள். சமதளத்தில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் எடுப்பவர் இங்கே ஒன்பது, பத்து எடுப்பார். சுண்ணாம்புக்கல் மழையில் வழுக்கும், இலையுதிர் காலத்தில் சருகுக்கு அடியில் கல் இருப்பதே தெரியாது. பள்ளமான இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் விட்டுவிட்டு வரும். அவசர எண் 112, ஆனால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும், அதனால் கிளம்பும்போதே எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பும் வழி என்ற அளவுகோலில் இது கடைசி.

உண்ணி. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை புல்லிலும் புதரிலும் இருக்கும், லைம் நோய் பரப்பக்கூடியது. ஓடி முடித்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு வார், அக்குள், காதுப் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் உண்ணி பிடுங்கும் சின்னக் கொக்கி கிடைக்கும், அதைக் கொண்டு திருகி எடுங்கள், எண்ணெய் தடவுவது, சுடுவது எல்லாம் வேண்டாம். கடித்த இடத்தில் அடுத்த சில வாரங்களில் சிவப்பு வளையம் விரிந்தால் மருத்துவரிடம் போங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரியது வேட்டை. செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய பொது வேட்டைப் பருவம், காட்டுப்பன்றிக்கு அதற்கு வெளியேயும் அனுமதி உண்டு. கூட்டமாகப் பெருவிலங்கு வேட்டையாடும்போது சாலையோரம் அறிவிப்புப் பலகை வைப்பதும், வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற மேலங்கி அணிவதும் கட்டாயம். 'ஷாஸ் ஆன் கூர்' (வேட்டை நடக்கிறது) என்று பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள், ஓரமாக ஓடிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பாதை பொதுவானதுதான், உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் துப்பாக்கிக் குண்டு அதையெல்லாம் பார்க்காது. வேட்டை எந்தெந்தக் கிழமை என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் ஊராட்சி அலுவலகத்திலோ தங்கியிருக்கிற வீட்டுக்காரரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் ஆரஞ்சு நிற மேல்சட்டை இல்லாமல் காட்டுப் பக்கம் போகவே கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரயில் தடம் | ஷப்பேஸ் சாலை | வயல் தடம் | காட்டு மலை |
|---|---|---|---|---|
| தரை | தார், சமதளம் | தார், ஓரம் சரிவு | மண், புல் | கல், வேர், சருகு |
| தூரம் | 5 முதல் 28 கி.மீ. வரை | 10 அல்லது 14 கி.மீ. | 3 முதல் 5 கி.மீ. | நேரக் கணக்கு |
| பாதியில் திரும்ப | எளிது, பேருந்தும் உண்டு | அதே சாலை, நடக்கலாம் | மிக எளிது | கடினம் |
| நிழல் | விட்டுவிட்டு | குறைவு | இல்லை | நிறைய |
| ஏற்ற காலம் | ஆண்டு முழுதும் | ஆண்டு முழுதும், அதிகாலை | மே முதல் செப்டம்பர் | மார்ச் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை |
| தவிர்க்க | ஆகஸ்ட் ஞாயிறு மதியம் | இருட்டு, கோடை நண்பகல் | மழைக்குப் பின் | வேட்டை நாள், தனியாக |
| ஷூ | சாலை ஓட்ட ஷூ | சாலை ஓட்ட ஷூ | பிடிப்புள்ள ஷூ | பிடிப்புள்ள ஷூ |

## அப்படியானால் எது?

ஒரே ஒரு காலைதான் இருக்கிறது என்றால் ஷப்பேஸ். கோடையில் ஆறரைக்குக் கிளம்புங்கள், எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம், சாலையில் கார் இருக்காது, கோபுரத்தில் முதல் வெயில் பட்டிருக்கும். திங்கட்கிழமை தவிர்த்தால் நல்லது, பல கிராமங்களில் பேக்கரிக்கு அன்று விடுமுறை, பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக யாருக்குத்தான் பிடிக்கும்.

ஒரு வாரம் என்றால் ரயில் தடத்தில் இரண்டு நாள் (அதில் ஒன்று குளூனி வரை நெடுந்தூரம், பேருந்தில் திரும்புவது), ஷப்பேஸ் ஒன்றோ இரண்டோ, நடுவில் கால் களைத்த நாளில் வயல் தடம். துணைக்கு ஆளும் காரும் இருந்து, வேட்டைப் பருவமும் இல்லை என்றால் மட்டும் மலை. தனியாக வந்திருக்கிற பெண்கள் கேட்கும்போதும் நான் இதே வரிசையைத்தான் சொல்கிறேன், ரயில் தடத்தில் எந்நேரமும் நாலு பேர் போய்வந்துகொண்டிருப்பார்கள் என்பதால்.

முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு வயல் தடம் கோடையில், மற்ற மாதங்களில் ரயில் தடத்தில் குறைந்த தூரம். காய்ச்சிய வெயில் அடிக்கிற வாரமாக இருந்தால் எந்தப் பாதையானாலும் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலை ஓட்டம் ஏமாற்றும், ஜூலையில் ஏழு மணிக்கும் தார் சூடு ஆறியிருக்காது.

தெய்சேயில் தங்குகிறவர்களுக்கு நேரம்தான் முதல் கட்டுப்பாடு. காலைச் செபம் எட்டேகால், மதியம் பன்னிரண்டு இருபது, இரவு எட்டரை. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடுவதால் மேட்டிலிருந்து இறங்கி ரயில் தடத்தில் கொர்மத்தான் வரை போய், எட்டுக் கிலோமீட்டர் ஓடிவிட்டு, குளித்து, செபத்துக்கு அமைதியாகப் போய் உட்கார நேரம் இருக்கும். கடைசியில் ஏற்றம் இருக்கிறது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஷப்பேஸ் உங்களுக்குத் தூரம், விட்டுவிடலாம்.

டிசம்பரில் வருகிறவர்களுக்கு இது நடக்காது. சூரியன் உதிப்பதே எட்டேகால் வாக்கில்தான், ஐந்துக்கு முன்னாலேயே மறைந்தும்விடும். மதியச் செபமும் சாப்பாடும் முடிந்து, பாத்திரம் கழுவுகிற முறை உங்களுடையது இல்லை என்றால், மூன்று மணிக்கு ஒரு முக்கால் மணி நேரம் கிடைக்கும். ரயில் தடத்தில் வடக்கே மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள், தலைவிளக்கு ஒன்று பையில் இருக்கட்டும்.